கொடுவிலங்கு வளர்ப்போரும் அயலவரும்

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் வேலி வழக்குக்கு என்றுமே பஞ்சமில்லை. வழக்காடும் இரு பகுதியாரும் கூண்டில் ஏறி நின்று சொல்வது ஒரே வசனத்தைத்தான்: “என் வளவுக்குள் நான் எதைச் செய்தால் அவனுக்கென்ன?” பூவரசங் கதியால் ஒன்று அரை முழம் அரக்கி நடப்பட்டமைக்காகத் தலைமுறை தலைமுறையாக முகம் பாராதிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அந்த வசனத்தில் உள்ள உரிமை உணர்ச்சியை நான் இகழ்பவன் அல்லன். சொந்த நிலத்தில் மனிதனுக்குள்ள உரிமையைக் காப்பதற்காகவே எம் போன்றோர் நீதிமன்றப் படி ஏறுகிறோம்; அதே நிலத்தின் பேரால் அரசியல் மேடையும் ஏறுகிறோம்.

ஆயினும் அவ்வசனம் முழு உண்மையன்று என்பதைச் சட்டப் புத்தகத்தைத் தொட்டறியாத கமக்காரனும் அறிவான். இரவிலே கயிற்றை அறுத்துக்கொண்டு போன மாடு அயலவனின் மிளகாய்த் தோட்டத்தை மேய்ந்துவிட்டால், விடிந்ததும் உடையவனின் படலையில் ஆள் நிற்கும். அந்த நட்டத்துக்கு ஈடு பெற வழி வகுக்கும் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் வெள்ளையர் காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்நாட்டில் எழுதப்பட்டுவிட்டது. மாட்டுக்குச் சட்டம் உண்டு, ஆட்டுக்கு உண்டு, நாயைப் பதிவு செய்யவும் கட்டளைச் சட்டம் உண்டு. அங்ஙனமாயின், சிங்கத்தையும் வேங்கையையும் தன் வளவுக்குள்ளே ஈனவைத்து, வளர்த்து, விலை பேசி விற்பவனுக்கு எத்துணைக் கடுமையான சட்டம் இருத்தல் வேண்டும்? செல்வத்தில் முதன்மை பெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டிலே 2022ஆம் ஆண்டின் இறுதி வரை நாடு முழுமைக்குமான தடை எதுவும் இருக்கவில்லை என்றால் வாசகர்கள் வியப்படைவர்.

2011 ஒக்டோபர் 18ஆம் திகதி மாலையில் நடந்ததை முதலில் சொல்லுகிறேன். ஒகையோ மாநிலத்திலே சேன்ஸ்வில் என்னும் ஊருக்குப் புறத்தே ஒரு தனியார் பண்ணை. அதன் உரிமையாளர் ஆயுதக் குற்றமொன்றுக்காகச் சிறை சென்று மீண்டு மூன்று வாரமும் ஆகவில்லை. அன்று அவர் தம் பண்ணையில் வளர்த்த ஏறத்தாழ ஐம்பது விலங்குகளின் கூடுகளைத் திறந்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பண்ணைக்கு அருகே பெருந்தெரு, அப்பால் வீடுகள். அயலவர் கொடுத்த தகவலின்பேரில் வந்த பொலிஸார், வேலி ஓரத்திலே சிங்கம் நடப்பதைக் கண்டனர். இருட்டிவிட்டால் எந்த விலங்கு எந்த முற்றத்தில் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. சுடுவதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்கவில்லை. மயக்க ஊசி மருந்து உடலில் ஏறுவதற்கு நேரம் செல்லும். அந்த நேரத்தில் வெருண்ட விலங்கு எத்திசையிலும் பாயும். மறுநாள் மயக்க ஊசி பாய்ச்சப்பட்ட வேங்கையொன்று சினந்தெழுந்தமையால் அதையும் சுட வேண்டியதாயிற்று.

18 வேங்கைகளும் 17 சிங்கங்களும் அந்த ஓர் இரவிலும் மறுநாளிலுமாக மடிந்தன. கரடிகள், மலைச்சிங்கங்கள், ஓநாய்கள் வேறு. பெருந்தெருவின் மின்சார அறிவிப்புப் பலகைகள் வாகனத்தை விட்டு இறங்காதீர் என்று எச்சரித்தன. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. உயிரோடு பிடிபட்டவை ஆறே. ஒரு தனிமனிதனின் ஆசைக்காகப் பிறப்பிக்கப்பட்ட உயிர்கள், அவனுடைய துயரத்துக்காகச் செத்துக் கிடந்தன. அவற்றை வரிசையாகக் கிடத்தி எடுத்த படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. கண்டோர் பலர் சுட்ட பொலிஸாரையே ஏசினர். கட்டளைக்குக் கீழ்ப்பட்டு அயலவரைக் காத்தவர்களை ஏசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஏசப்பட வேண்டியது சட்டமன்றம்.

ஏனெனில் அந்த மாநிலத்தில் நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் பதிவுத் தகடு பெற்று நாயின் கழுத்தில் கட்ட வேண்டும். வேங்கை வளர்ப்பவர் மாநிலத்தின் அனுமதிப்பத்திரம் எதையும் பெற வேண்டியிருக்கவில்லை! பதவியிலிருந்து இறங்கும் தறுவாயில் முன்னைய ஆளுநர் 2011 ஜனவரியில் அவசரத் தடைக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்திருந்தார். புதிய ஆளுநரின் காலத்தில், ஏப்ரலில், அது காலாவதியாக விடப்பட்டது. ஆறு மாதத்தில் சேன்ஸ்வில் நடந்தது. 2012இல் சட்டம் வந்தது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் வைத்தியரை அழைப்பது போன்ற இந்த வழக்கம் ஆட்சியாளர்க்கு எல்லா நாட்டிலும் பொதுவானது போலும்.

இத்தனை வேங்கைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்தவை அல்ல அவை. எல்லாம் கூட்டுக்குள்ளே பிறந்தவை. கூட்டுக்குள்ளே பிறந்தவற்றின் வயிற்றில் பிறந்தவை. அமெரிக்காவில் ஐயாயிரம் வேங்கைகள் வரை கூட்டில் உள்ளன என்று பல்லாண்டு காலம் சொல்லப்பட்டு வந்தது. சரியான கணக்கு ஒருவரிடமும் இல்லை. கணக்கெடுக்கும் சட்டமே இல்லாதபோது கணக்கு எங்கே வரும்?

இந்தப் பெருக்கத்துக்குக் காரணம் அன்பு என்று எண்ணுவோர் ஏமாறுவர். காரணம் வியாபாரம். தெருவோரக் காட்சிச்சாலைகளிலே புலிக்குட்டியைக் கையில் ஏந்திப் படம் பிடித்துக்கொள்ளவும், பால்புட்டி கொடுக்கவும் பொதுமக்களிடம் கட்டணம் வாங்கினார்கள். இந்தத் தொழிலுக்குக் குட்டி உதவும் காலம் மிகக் குறுகியது. எட்டு வாரத்துக்கு முன் நோய் தொற்றும். பன்னிரண்டு வாரத்துக்குப் பின் பல்லும் நகமும் ஆபத்து. இடையில் உள்ள நான்கு வாரமே சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரிகள் பொறுத்துக்கொண்ட காலம். ஆகவே ஆண்டு முழுவதும் காசு வர வேண்டுமானால் ஆண்டு முழுவதும் குட்டி பிறக்க வேண்டும். தாயிடமிருந்து குட்டியை உடனே பிரித்துவிட்டால் தாய் விரைவில் மீண்டும் சினைப்படும். பால் மறந்த கன்றுக்கும் புல்லுக் கொடுக்கும் நம் மாட்டுக்காரர்கள் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வர். பன்னிரண்டு வாரம் கழிந்த குட்டியை என்ன செய்வது? ஒருவனுக்கு விற்பர், அவன் இன்னொருவனுக்கு விற்பான், வீட்டுக் கொல்லையில் சங்கிலியில் அது வளரும். நாள்தோறும் பல இறாத்தல் இறைச்சி வேண்டும் விலங்குக்கு எலும்பு நீக்கிய கோழியை மட்டும் போடுவதால் அதன் எலும்பு வளைந்து முறியும். கீறாமல் இருப்பதற்காக நகத்தைப் பிடுங்குவோம் என்பார்கள். உண்மையில் பூனைக்குலத்தின் நகத்தை நீக்குவதென்பது விரலின் கடைசி மூட்டையே வெட்டி எறிவதாகும். கொடிய விலங்குகளுக்கு இதைச் செய்யலாகாதென அந்நாட்டு விவசாயத் திணைக்களம் 2006இல் அறிவித்தது.

வெள்ளைப் புலியின் கதை இதனினும் கசப்பானது. 1951இல் மத்திய இந்தியாவிலே றேவா மன்னர் பிடித்த மோகன் என்னும் ஒரே வெள்ளைக் குட்டியை மூலமாகக் கொண்டே இந்த வர்க்கம் பெருக்கப்பட்டது. நிறம் நிலைக்க வேண்டுமே என்று மோகனை அதன் சொந்த மகளான ராதாவுடன் சேர்த்தனர். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றுள் ஒன்றாகிய மோகினி 1960இல் வாஷிங்டன் நகருக்குச் சென்று, வெள்ளை மாளிகை முற்றத்தில் ஜனாதிபதி ஐசனோவருக்குக் காட்டப்பட்டது. அதன்பின் தகப்பனும் மகளும், சகோதரனும் சகோதரியுமாக இணைக்கப்பட்டுப் பிறந்த சந்ததிகளில் மாறுகண்ணும் பிற ஊனங்களும் மலிந்தன. இதைத்தான் அழிந்துவரும் அரிய இனத்தைக் காக்கிறோம் என்று துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டு, நுழைவுச் சீட்டு விற்றார்கள். வெள்ளைப் புலி தனி இனமே அன்று. அமெரிக்கக் கூடுகளில் உள்ள வேங்கைகளில் பெரும்பாலானவை வங்கத்து வேங்கையும் சைபீரிய வேங்கையும் கலந்த கலப்பு. காட்டில் விடுவதற்கு உதவாதவை. இக்கலப்பினத்துக்கு உரிய பதிவைக்கூட 2016ஆம் ஆண்டு வரை சமஷ்டி அரசு கேட்கவில்லை.

இனிச் சட்டத்தைப் பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் – டச்சுச் சட்டம் என்பதை வாசகர்கள் அறிவர். அதன் வேர் யுஸ்தினியன் மன்னர் 533இல் வெளியிட்ட சட்டப் பாடநூலில் உள்ளது. சட்டம் பயிலும் இளைஞர்களாக இருந்தபோது அந்நூலிலே ஒரு கரடியைப் பற்றிய வரியைப் படித்து நாம் நகைத்ததுண்டு. ஒருவனிடமிருந்து தப்பிய கரடி பிறருக்குத் தீங்கு செய்தால், கரடியை வைத்திருந்தவன் மீது விலங்குச் சேதத்துக்கான வழக்குத் தொடர முடியாது என்கிறது அது. ஏன்? காட்டு விலங்கு நம் கையில் இருக்கும் வரையே நம் உடைமை. கை விட்டு ஓடிய கணத்தில் அதற்கு உடையவன் இல்லை. உடையவன் இல்லாத விலங்குக்கு யார் பதில் சொல்வது? தர்க்கம் எவ்வளவு நேர்த்தி! கடிபட்டவனுக்கு எவ்வளவு கொடுமை!

உரோமர் மடையர் அல்லர். இந்த ஓட்டையை அடைப்பதற்காக, நகரத்துச் சந்தையையும் வீதியையும் மேற்பார்த்த அதிகாரிகள் தனியான ஆணை ஒன்றை வெளியிட்டிருந்தனர். மக்கள் நடமாடும் பொது வழியருகே நாயையோ, பன்றியையோ, கரடியையோ, சிங்கத்தையோ வைத்திருத்தலாகாது. மீறி வைத்து அதனால் சுதந்திர மனிதன் ஒருவன் இறந்தால் 200 பொற்காசு. காயமுற்றால் நீதிபதி நியாயமெனக் கருதும் தொகை. பொருட்சேதமாயின் சேதத்தின் இரட்டிப்பு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னரே உரோம நகரத்து அதிகாரி ஒருவர் கண்டுகொண்ட உண்மையை ஒகையோச் சட்டமன்றம் 2012இல்தான் கண்டது.

ஆங்கிலச் சட்டம் வேறு வழியால் இதே இடத்துக்கு வந்தது. 1957இல் இலண்டனில் முடிவான பெரென்ஸ் எதிர் பேர்ட்ரம் மில்ஸ் சர்க்கஸ் என்னும் வழக்கு சட்டம் கற்றோர்க்குப் பழக்கமானது. பர்மாவில் பிறந்த சர்க்கஸ் யானையொன்று; பசுவைப்போல் சாதுவானது. சிறிய நாயொன்று குரைத்ததால் வெருண்டு சாவடியொன்றை இடித்துத் தள்ளிற்று. உள்ளே இருந்த பெண் காயமுற்றாள். எங்கள் யானை சாது என்ற வாதத்தை நீதியரசர் டெவ்லின் ஏற்கவில்லை. அந்தத் தனி யானையின் குணத்தைச் சட்டம் கேளாது. யானை என்னும் இனம் ஆபத்தானது. ஆகவே வைத்திருந்தவரின் கவலையீனத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, அவர் ஈடு செலுத்தியே ஆக வேண்டும் என்பது தீர்ப்பு. நமது வாதத்துக்கு இது பெரிதும் வேண்டியது. ஏனெனில் சிங்கம் வளர்ப்போர் எல்லாரும் முதலிற் சொல்வது, என் சிங்கம் என்னை ஒன்றும் செய்யாது என்பதுதான்.

லாஸ் வேகாஸ் நகரத்து மேடையில் பல்லாண்டு வேங்கைகளோடு வித்தை காட்டிய றோய் ஹோன் என்பவரை அறியாதார் அந்நாட்டில் இல்லை. 2003 ஒக்டோபர் 3ஆம் திகதி, அவருடைய பிறந்த நாளன்று, அவர் குட்டியிலிருந்தே கூட வைத்துப் பழக்கிய வேங்கை, பார்வையாளர் முன்னிலையில் அவரைக் கழுத்திற் கவ்வி இழுத்துச் சென்றது. உயிர் பிழைத்தார்; உடல் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவ்வேங்கை கெட்டதென்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாயும் பசுவும் பல்லாயிரம் ஆண்டு மனிதனோடு பிறந்து வளர்ந்து குணம் மாறியவை. வேங்கையைப் பழக்கலாம், பழக்கம் அந்த ஒன்றோடு போகும், குட்டிக்கு இறங்காது.

உண்மையான அன்புடையோரின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1969இல் இலண்டன் நகரின் பேர்போன ஹரட்ஸ் கடையிலே சிங்கக்குட்டி விற்பனைக்கு இருந்தது! இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் அதை வாங்கிக் கிறிஸ்டியன் என்று பெயரிட்டுத் தளபாடக் கடையொன்றின் நிலவறையில் வளர்த்தனர்; அருகிலிருந்த தேவாலயத் தோட்டத்தில் ஓடவிட்டனர். அவர்களிடம் அன்புக்குக் குறையில்லை. ஆயினும் ஓராண்டளவில் இலண்டன் அதற்குப் போதவில்லை. கென்யாவுக்குக் கொண்டுபோய் ஜோர்ஜ் அடம்சனிடம் ஒப்படைத்தனர். பின்னர் காண வந்தபோது அச்சிங்கம் அவர்களைத் தழுவிய காட்சியைக் கண்டு உலகம் கண்ணீர் விடுகிறது. கென்யாவில் இடம் கிடையாத குட்டிகளின் கதையை எவரும் படம் பிடிக்கவில்லை. 1976இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தை இயற்றிற்று. அதன்படி உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரமும், மிருக வைத்தியரின் பரிசோதனையும், அயலவருக்கு நேரும் சேதத்துக்கான காப்புறுதியும் கட்டாயமாயின. அனுமதி கிட்டாதென்று அஞ்சிய சிலர் விலங்குகளை இரவோடிரவாகக் காட்டில் விட்டனர் என்றும் கதை உண்டு. சட்டம் பிந்தி வந்தால் இப்படியும் நடக்கும்.

அமெரிக்காவில் தடை பிந்தியமைக்கு மற்றுமொரு காரணம் உண்டு. சமஷ்டி ஆட்சியை இந்நாட்டுக்குக் கேட்போர் நாம் ஆதலால் அதை மறைத்தல் நேர்மையன்று. அங்கே விலங்குச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. சில மாநிலங்கள் தனியார் வேங்கை வளர்ப்பதை முற்றாகத் தடுத்தன. அலபாமா, நெவாடா, வட கரோலினா, விஸ்கொன்சின் ஆகிய மாநிலங்களிலோ மாநில அனுமதிகூட வேண்டியிருக்கவில்லை. ஒரு மாநிலத்தில் ஈன்ற குட்டி இரவோடிரவாக மற்றொரு மாநிலத்துக்குப் போகும். இதைக் கண்டு சமஷ்டியே பயனற்றதென்று நம் எதிராளிகள் குதூகலிக்க வேண்டியதில்லை. மாநில எல்லையைக் கடந்து நடக்கும் வியாபாரம் மத்திய அரசின் பொறுப்பு என்று அந்நாட்டு அரசியல் யாப்பே வகுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தை மத்திய அரசு பயன்படுத்தாமல் கிடந்ததே குற்றம். 2003இல் ஒரு சட்டம் செய்தார்கள். செல்லப் பிராணியாகப் பெரிய பூனையினங்களை மாநில எல்லை தாண்டி விற்பதை அது தடுத்தது. மாநிலத்துக்குள்ளே விற்பதை அது தொடவில்லை. முழுத் தடைக்கான மசோதா 2012இல் சமர்ப்பிக்கப்பட்டுப் பத்தாண்டு இழுபட்டது.

அப்பத்தாண்டில் சட்டமன்றத்தை அசைத்தது எது தெரியுமா? 2020இல் வெளிவந்த ஒரு தொலைக்காட்சித் தொடர். ஒக்லஹோமா மாநிலத்தில் வேங்கைப் பண்ணை நடத்திய ஒருவர், தம்மை எதிர்த்த பெண்மணியைக் கொல்வதற்கு ஆள் அமர்த்தினாரென்றும், ஐந்து வேங்கைகளைச் சுட்டாரென்றும் 2019இல் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சிறை சென்றார். அவர் கதையை உலகம் வேடிக்கையாகப் பார்த்தது. வேடிக்கை பார்த்த மக்களுக்கு வெட்கமும் வந்தது போலும். 2022 ஜூலையில் கீழ்ச்சபையில் 278 வாக்குக்கு 134 வாக்காக மசோதா நிறைவேறிற்று. அந்த 134 பேரில் பலரும் பேசியது வேலி வழக்கின் அதே வசனத்தைத்தான். டிசம்பர் 20ஆம் திகதி ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார். சிங்கம், வேங்கை, சிறுத்தை, பனிச்சிறுத்தை, ஜகுவார், சிவிங்கிப்புலி, மலைச்சிங்கம் முதலியவற்றையும் அவற்றின் கலப்புகளையும் தனியார் வைத்திருத்தலாகாது. குட்டியைப் பொதுமக்கள் தொடலாகாது. ஏற்கெனவே வைத்திருந்தோர் 2023 ஜூன் 18க்குள் பதிந்துகொண்டால் அந்த விலங்கு இறக்கும்வரை வைத்திருக்கலாம். ஆனால் ஈனவிடலாகாது, வாங்கலாகாது, விற்கலாகாது.

இந்தச் சட்டத்தில் மிகச் சிறந்த ஏற்பாடு இந்த ஈனவிடாமையே என்பது என் கருத்து. விலங்கைப் பறித்தால் எங்கே கொண்டுபோவது? சரணாலயங்களில் இடமில்லை. சுட்டுக் கொல்வதா? வைத்திருப்பவன் வைத்திருக்கட்டும், அதோடு தொழில் முடியட்டும் என்று விட்டதில் அறமும் உண்டு, விவேகமும் உண்டு. ஈடு கேட்பது என்றால், முதலில் ஒருவன் கடிபட வேண்டும். பின்னர் எதிராளியிடம் பணம் இருக்க வேண்டும். சேன்ஸ்விலில் எதிராளியே உயிரோடில்லை. டெவ்லின் நீதியரசரின் தீர்ப்பு எவ்வளவு உறுதியானதாயினும், இறந்தவனிடமும் ஓட்டாண்டியிடமும் அதை நிறைவேற்ற முடியாது. ஆகையால் பிறப்பிக்கும் வாயிலிலே சட்டம் நிற்க வேண்டும்.

இச்சட்டத்தில் ஓட்டையும் உண்டு. பெரிய பூனையினங்களையே அது தடுத்தது. ஆபிரிக்காவின் நீண்ட கால்களும் பெரிய செவிகளும் கொண்ட சேர்வல் என்னும் காட்டுப்பூனை, கரக்கால், பொப்கற் ஆகியன மாநிலங்களின் விருப்புக்கு விடப்பட்டன. சேர்வலை வீட்டுப் பூனையோடு கலந்து 1986இல் பிறந்த சவான்னாப் பூனை இப்போது பெருவிலைக்கு விற்பனையாகிறது. கீழ்வரும் தலைமுறைகளில் சாதுவாகிவிடும் என்று வளர்ப்போர் சொல்வர். மேல் தலைமுறையைப் பிறப்பிக்காமல் கீழ்த் தலைமுறை வராது என்பதைச் சொல்லார். ஒவ்வொரு வர்க்கத்துக்கும் பின்னால் கூட்டுக்குள் ஒரு சேர்வல் இருக்கிறது. ஆஸ்திரேலியா தன் சிறு விலங்குகளை எண்ணி 2008இல் இக்கலப்பினத்தின் இறக்குமதியைத் தடுத்தது. ஒகையோவில் சேர்வலுக்கும் தடையுண்டு. ஆயினும் 2023 ஜனவரியில் அதே மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், காரொன்றிலிருந்து பாய்ந்தோடிய சேர்வல் ஒன்றை மரத்திலிருந்து இறக்கிச் சோதித்தபோது அதன் உடலில் கொக்கெயின் போதைப்பொருள் இருந்தது. இதைச் செல்லமாக வளர்த்தல் என்று சொல்லுவார்களாம்!

கீழைத்தேயத்தார் நாம் இதைக் கேட்டு மேலைத்தேயத்தைப் பழித்து மகிழ வேண்டியதில்லை. அக்பர் சக்கரவர்த்தி வேட்டைக்காக ஆயிரம் சிவிங்கிப்புலிகளைச் சேர்த்தாரென்றும், அவற்றைச் சோடி சேர்க்க எவ்வளவோ முயன்றும் கைகூடவில்லையென்றும், கட்டவிழ்த்துக்கொண்டு போன ஒன்று மட்டும் இணைந்து மூன்று குட்டி ஈன்றதென்றும் அவர் மகன் ஜஹாங்கீர் எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அரண்மனைக்கு வேண்டிய ஒவ்வொன்றும் காட்டிலிருந்தே பிடிபட்டது. 1952இல் இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போயிற்றென்று அறிவித்தார்கள்; 2022இல் நமீபியாவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். அதே இனத்தின் குட்டிகள் இன்று சோமாலியக் கரையிலிருந்து தோணியேறி வளைகுடா நாட்டுச் செல்வர் வீடுகளுக்குக் கள்ளமாகப் போகின்றன. வழியிலேயே பல சாகின்றன. உலகக் காடுகளில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 7,000. ஐக்கிய அரபு இராச்சியம் 2016இல் தனியார் கொடுவிலங்கு வைத்திருப்பதைச் சட்டத்தால் தடுத்தது. பாகிஸ்தானில், லாகூர் நகரத்து வீடொன்றின் மதிலை 2025 ஜூலையில் பாய்ந்து கடந்த சிங்கம் ஒன்று தெருவிற் சென்ற பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் தாக்கிய பின்னரே பஞ்சாப் மாகாண அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று சிங்கங்களைத் தேடினர். செல்வமும் செல்வாக்கும் உடையோரே அங்கு சிங்கம் வைத்திருப்பவர். தெருவில் நடந்து போகிறவர் அவர்கள் அல்லர்.

இனி நம் பக்கம். சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை என நான்கு பூனையினங்கள் இத்தீவில் உண்டு. கடைசியிற் சொன்னது உலகப் பூனைகளிலே மிகச் சிறியவற்றுள் ஒன்று. 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுயிர்களைக் காக்க எழுதப்பட்டது. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்திலே குடிமனைக்குள் வந்த சிறுத்தை பலரைக் காயப்படுத்த, அஞ்சிய மக்கள் அதை அடித்துக் கொன்றனர். அச்செயலை நான் சரியென்று சொல்லேன். ஆயினும் அதற்கு உடையவன் எவனும் இருக்கவில்லை, ஈடு கேட்கவும் ஆள் இல்லை. அடித்த ஏழை மக்களைத்தான் சட்டம் தேடிற்று. கூட்டில் வளர்த்துத் திறந்துவிடுகிறவன் ஒருவன் இந்நாட்டில் தோன்றினால் அவனை அதே வேகத்தில் தேடுமா என்பது வேறு கேள்வி.

அறுவடைக் காலத்தில் இயந்திரம் வயலுக்குள் இறங்கும்போதும், வாய்க்கால் கரைப் பற்றையை வெட்டும்போதும், மலைநாட்டிலே தேயிலைச் செடியடியிலும் பூனைக்குட்டிகள் கிடைப்பதுண்டு. தாய் கைவிட்டுப் போயிற்றென்று எண்ணிப் பிள்ளைகள் வீட்டுக்குத் தூக்கி வருவர். பாலூட்டி வளர்க்க ஆசைப்படுவர். தாய் இரை தேடிப் போயிருக்கும். மனிதர் அரவம் கேட்டு அண்மையில் பதுங்கியும் இருக்கும். குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டு, அன்றைக்கு அந்த மூலையை வெட்டாமல் ஒதுக்கி, ஆட்களை அப்பால் அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் இரவிலே தாய் வந்து வாயிற் கவ்விக்கொண்டு போய்விடும். மறுநாளும் குட்டி அங்கேயே கிடந்தால் வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.